ஓடாத டாங்கிக்கு மாலை

நம்மவர்கள் ஒரு பொருளைக் கௌரவிக்க நினைத்தால், முதல் காரியமாக அதன் அசைவை நிறுத்திவிடுகிறார்கள். ஏட்டுச் சுவடி என்றால் பட்டுத் துணியில் கட்டிப் பரணில் வைப்பது. வீணை என்றால் உறை போட்டு மூலையில் சாத்துவது. ராணுவ வண்டி என்றால் நாற்சந்தியில் சிமெண்ட் மேடை கட்டி அதன்மேல் ஏற்றுவது. மேடை ஏறிய அன்றே அந்த வண்டியின் ஆயுள் முடிந்தது. ஆனால் அன்றைக்குத்தான் மாலை விழுகிறது. பாண்டு வாத்தியம் முழங்குகிறது. பிரமுகர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேசுகிறார்.

நான் பட்டாளத்துக்கு விரோதி அல்ல. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்தில் பிறந்தவன் எவனும் அப்படி இருக்க முடியாது. மழை ஏமாற்றிய வருஷங்களில் எங்கள் கரிசல் காட்டு வீடுகள் பலவற்றில் அடுப்பு எரிந்தது பட்டாளத்திலிருந்து வந்த மணியார்டரால்தான். அந்த நன்றியோடுதான் சொல்கிறேன்: மேடைமேல் நிற்கும் டாங்கி யந்திரம் அல்ல, யந்திரத்தின் சவம். மூடிகள் பற்றவைக்கப்பட்டு, பீரங்கி வாய் அடைக்கப்பட்டு, வருஷத்துக்கு ஒரு தரம் வர்ணம் பூசப்பட்டு, மற்ற நாட்களில் காக்கைக்கு ஆசனமாக நிற்கிறது. அதைப் பார்த்து ஒரு பையனாவது, "இது எப்படி நகர்ந்தது?" என்று கேட்டதுண்டா? கேட்டாலும் பதில் சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள்?

2017-இல் டில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர், ராணுவத்தின் தியாகத்தை மாணவர்களுக்கு நினைவூட்டுவதற்கு வளாகத்தில் நிறுத்த ஒரு டாங்கி வேண்டும் என்று மந்திரிகளிடம் கேட்டார். நாடெங்கும் சண்டை மூண்டது. தேசபக்தி என்றார்கள் ஒரு சாரார். யுத்தவெறி என்றார்கள் மறு சாரார். இரண்டு கட்சியிலும் ஒருவருக்குக்கூட, அந்த டாங்கி ஓடுமா, ஓடாதா என்று கேட்கத் தோன்றவில்லை. நம்முடைய வியாதி இதுதான்.

1965 செப்டம்பரில் பஞ்சாபில் கேம்கரணுக்கு அருகே, அசல் உத்தர் என்ற இடத்தில் நடந்த சண்டையைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பாகிஸ்தான் அமெரிக்காவிடம் வாங்கிய பாட்டன் டாங்கிகளைக் கொண்டுவந்தது. அவற்றை எதிர்த்தவர்களில் அப்துல் ஹமீது என்ற ஹவில்தாரும் ஒருவர். அவர் உட்கார்ந்திருந்தது கவசமில்லாத ஒரு ஜீப்பில். அதில் 106 மில்லிமீட்டர் பீரங்கி ஒன்று பொருத்தியிருந்தது; அவ்வளவுதான். தகர டப்பா மாதிரியான அந்த ஜீப்பிலிருந்தே இரும்பு மலைகளை ஒவ்வொன்றாக அடித்தார். அடித்துக்கொண்டே செப்டம்பர் 10-ஆம் தேதி உயிரை விட்டார். பரம்வீர் சக்ர விருது அவர் இறந்த பிறகு வந்தது. சண்டை ஓய்ந்தபின், பிடிபட்ட பாட்டன்களை ஓரிடத்தில் வரிசையாக நிறுத்தி வைத்தார்கள். அதற்குப் பாட்டன் நகர் என்றே பெயர் ஏற்பட்டது. பிறகு அவற்றைப் பல ஊர்களுக்கும் அனுப்பி மேடையில் ஏற்றினார்கள்.

யோசித்துப் பாருங்கள். தோற்ற வண்டிக்கு மேடை கிடைத்தது. ஜெயித்த வண்டியின் ஜாதியைச் சேர்ந்தவை ஏலத்தில் மொத்தமாகப் போய், பழைய இரும்புக் கடையில் கிலோக் கணக்கில் நிறுக்கப்படுகின்றன.

அப்படி நிறுக்கப்பட இருந்த ஒன்றை மீட்டுவந்தவர் ஒருவர் திருச்சுழியில் இருக்கிறார். ராணுவப் பட்டறைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார். ஊரில் எல்லோருக்கும் அவர் 'பட்டாளத்து மாமா'. அவர் கொல்லையில், வேப்பமரத்தடியில், கீற்றுக் கொட்டகைக்குள் ஒரு ஜோங்கா நிற்கிறது.

ஜோங்கா என்றதும் ஏதோ ஆப்பிரிக்க மிருகம் என்று நினைத்துவிட வேண்டாம். 'ஜபல்பூர் ஆர்டினன்ஸ் அண்ட் கன் காரேஜ் அசெம்ப்ளி' என்ற நீண்ட பெயரைச் சுருக்கி வைத்த பெயர் அது. ஜப்பானிய நிஸ்ஸான் பட்ரோல் வண்டியின் அமைப்பில், 1969 முதல் 1999 வரை, நம் ராணுவத்துக்காக ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் செய்தார்கள். ஆறு சிலிண்டர், ஏறக்குறைய நான்கு லிட்டர் கொள்ளளவுள்ள பெட்ரோல் எஞ்சின். மலை ஏறும், மணலில் போகும், பெட்ரோலைக் குடிப்பதில் மட்டும் கொஞ்சமும் கூச்சம் கிடையாது. ராணுவம் கழித்துவிட்ட பிறகு இவற்றை வாங்கியவர்கள் பலர் அசல் எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு, ஏதாவது ஒரு டீசல் எஞ்சினைத் திணித்துக்கொண்டது இதனால்தான்.

மாமாவின் வண்டி கடைசியாகக் கரிமூட்டத்துக்கு மூட்டை சுமந்திருக்கிறது. சிவப்பு வர்ணம் அடித்திருந்தார்கள். அதைச் சுரண்டினால் நீலம். நீலத்தைச் சுரண்டினால் மஞ்சள். அதற்கும் அடியில் ராணுவப் பச்சை. எஞ்சின் இறுகிப்போய்க் கிடந்தது. பிளக்குகளைக் கழற்றி, துவாரம் வழியாக மண்ணெண்ணெயும் ஆயிலும் கலந்து ஊற்றி, இருபது நாள் சும்மா விட்டார். பிறகு தினம் காலையில் காப்பி குடித்ததும் நீண்ட ஸ்பானரைப் போட்டு ஒரு நூல் முன்னே, ஒரு நூல் பின்னே அசைப்பார். அவசரப்பட்டால் ரிங் முறியும், சிலிண்டர் கீறும். மூன்றாவது வாரம் எஞ்சின் ஒரு முழுச் சுற்றுச் சுற்றியது. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

எங்கள் சீமையின் வறட்சிக்கும் ஓர் உபகாரம் உண்டு என்று அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். கடலோர ஊரில் கிடந்திருந்தால் உப்புக்காற்று சேஸிஸை அப்பளமாக்கியிருக்கும். இங்கே இரும்பு பிழைத்துக்கொள்கிறது. ஆனால் ரப்பர் செத்துப்போகிறது. வெயிலில் ஹோஸ்களும் பிரேக் வாஷர்களும் கருவாடாகிவிடுகின்றன. கிடைக்காத புஷ்களை அருப்புக்கோட்டையில், பஞ்சாலைகளுக்கு உதிரி சாமான் கடைந்து பழகிய ஒரு லேத் பட்டறைக்காரர் கடைந்து கொடுத்தார். கழற்றிய போல்ட்டுகள் ஒவ்வொன்றும் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்களில், சீட்டு ஒட்டி, எந்த இடத்தைச் சேர்ந்தது என்று எழுதி, ஜன்னல் மேட்டில் வரிசையாக இருக்கின்றன. மாமிக்கு ஊறுகாய் போடப் பாட்டில் இல்லை.

ஊர் சிரிக்கிறது. "ஏன் மாமா, இந்தக் காசுக்கு நாலு வெள்ளாடு பிடிச்சிருந்தா இன்னைக்கு ஒரு பட்டி ஆகியிருக்குமே?" என்று ஒருவர் என் எதிரிலேயே கேட்டார். "ஆட்டை நீ வச்சுக்க மாப்பிள்ளை. பட்டினி போட்டாலும் சாகாத உருப்படி இது ஒண்ணுதான்" என்றார் மாமா.

ஊர்ச் சிரிப்பு எனக்குப் பெரிதல்ல. படித்தவர்களின் ஆட்சேபங்களுக்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.

யுத்தத்துக்கு வந்த வண்டியைக் கொண்டாடுவது யுத்தத்தைக் கொண்டாடுவதுதான் என்கிறார் என் நண்பர் ஒருவர். முற்போக்குவாதி, நல்ல மனிதர். அவருக்கு என் பதில்: யுத்தம் அழகாகத் தெரிவது தூரத்தில், மேடைமேல் இருக்கும்போதுதான். அந்த வண்டியின் அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, மூஞ்சியில் கிரீஸ் சொட்ட, உள்ளே உட்கார்ந்தவன் காலை நீட்டக்கூட இடம் இல்லை என்பதைக் கண்டவனுக்குப் பரணி பாடத் தோன்றாது. பட்டாளத்து மாமா ஒரு நாளும் எனக்கு வீரக்கதை சொன்னதில்லை. கிளட்ச் கதை மட்டுமே சொல்லியிருக்கிறார்.

இன்னொருவர், இது பணக்கார விளையாட்டு என்கிறார். பென்ஷன்காரர் ஒருவர் வருஷக்கணக்கில் சிறுகச் சிறுகச் செய்வதைப் பணக்கார விளையாட்டு என்பவர், தம் வீட்டுக் காதுகுத்துக்கு அடித்த பிளெக்ஸ் பானர் கணக்கை முதலில் பார்க்கட்டும்.

புகை என்று ஓர் ஆட்சேபம் உண்டு. அது நியாயம், மறுக்க மாட்டேன். ஐம்பது வருஷத்து எஞ்சின் நல்ல காற்றை விடாது. இதைத் தினம் கடைத்தெருவுக்கு ஓட்டு என்று நான் சொல்லவில்லை. மாதத்தில் ஒரு நாள், கண்மாய்க் கரை வரை போய் வந்தால் போதும். யந்திரத்துக்கு அதுவே மூச்சு.

டாங்கியையே வீட்டுக்குக் கேட்பீர்களோ என்று யாரும் பயப்பட வேண்டாம். ஜெர்மனியில் கீல் நகரத்துக்கு அருகே ஒருவர் தம் வீட்டு நிலவறையில் இரண்டாம் யுத்தக் காலத்துப் பாந்தர் டாங்கி ஒன்றை வைத்திருந்தார். 2015-இல் ராணுவத்தார் வந்து அதை வெளியே இழுக்க ஏறக்குறைய ஒன்பது மணி நேரம் பாடுபட்டார்கள். 2021-இல் கோர்ட்டு அவருக்கு இரண்டரை லட்சம் யூரோ அபராதம் விதித்தது. பீரங்கி வைத்த வண்டி தனி மனிதன் வீட்டில் வேண்டாம் என்பது சரியான நியாயமே. ஆனால் டாங்கியைப் பொது இடத்தில் வைத்துக்கொண்டே உயிரோடு காப்பாற்ற முடியும். 1943-இல் டுனீஷியாவில் ஜெர்மானியரிடமிருந்து பிடித்த ஒரு டைகர் டாங்கியை, இங்கிலாந்தில் பாவிங்டன் மியூசியத்தார் பல வருஷம் பாடுபட்டு 2003-இல் மறுபடி ஓட வைத்தார்கள். வருஷத்தில் ஓரிரு நாள் ஜனங்கள் முன்னால் அது ஓடுகிறது. எதிரியின் டாங்கிக்கே அவர்கள் அவ்வளவு செய்கிறார்கள்.

நம் ஊரில் சிலர் இதை நேர் மாறாகச் செய்கிறார்கள். பழைய ஜீப்பை வாங்கி, யானைக்கால் மாதிரி டயர் மாட்டி, நெற்றியில் எட்டு விளக்குக் கட்டி, பளபளவென்று பூசி, "புதுப்பித்தேன்" என்கிறார்கள். இது புதுப்பித்தல் அல்ல, வேஷம். நம் கோயில்களில் பழைய கல் தூண்களில் மணல் வீசிச் சுரண்டிவிட்டு, எனாமல் பெயின்ட் அடித்து, அதற்குத் திருப்பணி என்று பெயர் சூட்டவில்லையா? அதே புத்திதான். பழையதன் மேல் அன்பு இருக்கிறவன் அதைப் பழையதாகவே இருக்க விடுவான். அதன் வேலையை மட்டும் அதற்குத் திருப்பிக் கொடுப்பான்.

சர்க்கார் என்ன செய்கிறது? 2021-இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். ஐம்பது வருஷம் கடந்த வண்டியைப் புராதன வண்டி என்று பதிந்துகொள்ளலாம். ரூபாய் 20,000 கட்டணம்; பத்து வருஷம் கழித்துப் புதுப்பிக்க 5,000. வண்டி அசல் உருவில் இருக்க வேண்டும். சேஸிஸ், கூடு, எஞ்சின் எதையும் மாற்றியிருக்கக் கூடாது. நல்ல விதி, கை தட்டுகிறேன். ஆனால் 1989-ஆம் வருஷத்து மோட்டார் வாகன விதிகளில் 121-ஆவது விதி, ராணுவ வண்டியைத் தவிர வேறு எந்த வண்டிக்கும் அந்த ஆலிவ் பச்சையை அடிக்கக் கூடாது என்கிறது. ஒரு விதி "அசலாக இரு" என்கிறது. இன்னொரு விதி "உன் அசல் நிறம் கூடாது" என்கிறது. கள்ளன் எவனும் ராணுவ வேஷம் போட்டுவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி அது, எனக்கும் புரிகிறது. ஆனால் புராதன வண்டிக்குத் தனி எழுத்துப் போட்டுத் தனி நம்பர் கொடுக்கிறீர்களே, அதைப் பார்த்தும் ஒரு போலீஸ்காரர் ஏமாந்துவிடுவாரா?

மாமா என்ன செய்தார்? மூன்று நிறத்தையும் சுரண்டி எடுத்துப் பச்சையைக் கண்டுபிடித்தவர், சட்டத்துக்குக் கட்டுப்பட்டு அதன் மேல் மண் நிறம் அடித்தார். கதவின் உட்புறத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பழைய பச்சையை மட்டும் தொடாமல் விட்டிருக்கிறார். முப்பது வருஷம் அந்த நிறத்தை உடுத்தியவர் அவர்.

டாங்கி என்ற பேச்சில் எனக்கு ஒரு வேடிக்கை தோன்றுவதுண்டு. இங்கிலீஷ்காரன் எங்கள் கண்மாய்க்கும் அதே பெயரைத்தான் வைத்தான். யுத்த வண்டிக்கு அந்தப் பெயர் வந்தது முதல் மகாயுத்தத்தில். ரகசியம் வெளியே போகாமல் இருக்க, செய்கிற தொழிலாளிகளிடம் தண்ணீர்த் தொட்டி செய்வதாகச் சொன்னார்கள். 1916 செப்டம்பர் 15-இல் அது பிரான்சில் போர்க்களத்துக்கு வந்தபோதும் பெயர் ஒட்டிக்கொண்டது.

எங்கள் கண்மாய்களை எது காப்பாற்றியது? கல்வெட்டா, மேடையா? குடிமராமத்து காப்பாற்றியது. வருஷா வருஷம் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு போய், கரையில் நாலு கூடை மண் போட்டு, மடையைத் துப்புரவாக்கி, கலுங்கைப் பார்த்துவிட்டு வருவான். அந்தப் பழக்கம் நின்றது, வண்டல் மேடிட்டது, சீமைக்கருவேலம் குடியேறியது. 2017-இல் சர்க்கார் அதே பெயரில் திட்டம் போட வேண்டி வந்தது. பணம் ஒதுக்கலாம், பழக்கத்தை ஒதுக்கீடு செய்ய முடியுமா? பழுது பார்க்கும் புத்தி ஒரு ஊரை விட்டுப் போனால், கண்மாயும் போகும், வண்டியும் போகும், கடைசியில் பாஷையும் போகும்.

மாமாவிடம் ஒரு பையன் வருகிறான். பாலிடெக்னிக்கில் டிப்ளமா வாங்கியவன். கார்புரேட்டரைப் படம் வரைந்து பாகம் குறித்து மார்க் வாங்கியிருக்கிறான். கையால் தொட்டது இந்தக் கொட்டகையில்தான். இப்போது எஞ்சின் ஓடும் சத்தத்தை வைத்தே எந்த சிலிண்டர் அடிக்கவில்லை என்று சொல்கிறான். இந்த வித்தை எந்த மேடையிலிருந்து கிடைக்கும்?

ஆகவே அதிகாரத்தில் இருப்பவர்களிடம் நான் கேட்பது பெரிய வரம் ஒன்றும் அல்ல. புராதன வண்டி என்று பதிவான ராணுவ ஜீப்புக்கு அதன் நிறத்தைத் திருப்பிக் கொடுங்கள். ஏலம் விடும் வண்டிகளில் சிலவற்றை இரும்புக் கடைக்கு அனுப்பாமல் தொழிற்பயிற்சி நிலையங்களுக்கு அனுப்புங்கள். பையன்கள் பிரித்துப் பூட்டட்டும். ஆவடியில் பிறந்த விஜயந்தா டாங்கி, 1965-இலிருந்து தமிழ்நாட்டுத் தொழிலாளி கையால் உருவானது. இனி ஒரு விஜயந்தாவை மேடைக்குக் கொடுக்கும் முன், அதை ஒரு தரமாவது ஜனங்கள் எதிரில் ஓட்டிக் காட்டுங்கள். எந்தச் சத்தத்தைக் கேட்டு எதிரி நடுங்கினான் என்பதை நம் குழந்தைகளும் ஒரு தரம் கேட்கட்டும்.

இவை எதுவும் முடியாது என்றால், மாலைக்குச் செலவிடுகிற பணத்தையாவது மிச்சப்படுத்துங்கள். திருச்சுழியில் ஒருவருக்கு நாலு பிரேக் வாஷர் வேண்டியிருக்கிறது.