இராவுணவுக் கூற்றும் இணைப்புவினை வாதமும்

இறுதி இராவுணவின்போது இயேசு அப்பத்தை எடுத்து அதனைத் தம் உடல் எனச் சுட்டிய கூற்று, மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூன்று நற்செய்திகளிலும் கொரிந்தியருக்கு எழுதப்பெற்ற முதல் திருமுகத்திலும் காணப்படுகிறது. இக்கூற்றின் பொருள் பற்றி ஐரோப்பியத் திருச்சபைகள் பிளவுண்டமைக்குக் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் உள்ள 'இரு' என்னும் இணைப்புவினையே காரணம் என்று கூறுவார் உளர். இயேசு பேசிய அரமேயத்தில் அவ்வினை தேவையில்லை, தமிழிலும் தேவையில்லை, ஆகவே இப்பூசல் மொழிபெயர்ப்பால் விளைந்த வெற்றுப் பூசல் என்பது அவர்தம் வாதம். தமிழின் பெருமையையும் உடன் பேசுவதால் இவ்வாதம் தமிழறிஞர்க்கு இனிக்கக்கூடும். ஆயினும் இது வரலாற்றுக்கும் பொருந்தாது, தமிழ் இலக்கணத்திற்கும் பொருந்தாது.

முதற்கண் வரலாறு. 1529ஆம் ஆண்டு மார்பர்க் நகரில் லூதரும் ஸ்விங்லியும் நேர்நின்று வாதிட்டனர். லூதர் அக்கூற்றின் இலத்தீன் வடிவத்தை மேசைமேல் சுண்ணக்கட்டியால் எழுதிவைத்து, அதினின்று பிறழேன் என்றார். ஸ்விங்லி 'இரு' என்னும் வினைக்குக் 'குறிக்கிறது' என்று பொருள் கொண்டார். இம்மட்டில் நின்றுவிடுவோர்க்குப் பூசல் வினைச்சொல்லைப் பற்றியதாகவே தோன்றும். ஆனால் அப்பம் மெய்யாகவே உடலாதலை மறுத்தோர் அனைவரும் அவ்வினையைப் பற்றிக்கொண்டாரல்லர். கார்ல்ஷ்டாட் 'இது' என்னும் சுட்டைப் பிடித்தார்: கிரேக்கத்தில் அச்சுட்டு அலிப்பாலில் நிற்க, அப்பத்தைக் குறிக்கும் சொல் ஆண்பாலில் வருகிறது, எனவே இயேசு அப்பத்தைச் சுட்டாமல் தம் மேனியையே சுட்டினார் என்றார். எக்கோலம்பாடியுஸோ 'உடல்' என்பதற்கு உடலின் அடையாளம் எனப் பொருள் உரைத்தார். மூவர் முடிவும் ஒன்றே. அம்முடிவுக்கு இடந்தந்த சொற்களோ மூன்று. முடிவு முன்னே செல்ல இலக்கணம் பின்னே சென்றது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை. லூதர் இம்முரண்பாட்டை எள்ளியது பொருத்தமே. எனினும் அவரும் சொல்லைச் சொல்லாகவே கொண்டாரல்லர். அப்பம் அப்பமாகவே நிற்க, உடலும் அதனுள் உள்ளது என்ற அவர் கோட்பாட்டிற்கு 'இது' என்பது இரண்டையும் சேர்த்துச் சுட்டவேண்டியிருந்தது. அதற்கு அவர் ஆகுபெயர் போன்ற ஓர் அணியின் துணையை நாடினார். 'இது' அப்பத்தைச் சுட்டாது, பொதுநிலையில் பொருண்மையையே சுட்டும் என்று தாமஸ் அக்குவினாஸ் ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுகட்கு முன்பே உரைத்திருந்தார்.

கிரேக்கம் பேசிய கீழைத் திருச்சபையிலும் அதே இணைப்புவினை வழங்கியது. அங்கே அவ்வினையை முன்னிட்டுப் பிளவு நேரவில்லை. அப்பம் மாறுவது இக்கூற்றாலா, தூய ஆவியை அழைக்கும் மன்றாட்டாலா என்பதே கீழைச் சபைக்கும் உரோமைக்கும் இடையே எழுந்த வினா. அரமேயத்தைக் காட்டும் வாதமும் உறுதியுடையதன்று. இயேசு கூறிய அரமேயத் தொடர் எழுத்தில் கிடைக்கவில்லை. அரமேயக் கிளையான சிரியாக்கில் அமைந்த பெஷித்தா மொழிபெயர்ப்பில் சுட்டோடு படர்க்கைப் பெயர் ஒட்டிநின்று இணைப்புப் பணியைச் செய்கிறது.

இனித் தமிழ். எழுவாய் ஏற்கும் பயனிலை வகைகளுள் பெயர் கொள வருதலைத் தொல்காப்பியம் ஒன்றாக எண்ணுகிறது. 'இவன் சாத்தன்' என்பது அவ்வகை. 'முகம் மதி' என்னும் உருவகமும் அதே வடிவில் வரும். நேரில் நிற்பவரைச் சுட்டியும் 'இவர் என் தந்தை' எனலாம். சுவரில் தொங்கும் நிழற்படத்தைச் சுட்டியும் அவ்வாறே எனலாம். வினை இன்மை ஐயத்தை நீக்கவில்லை. அவ்வையத்தை இடமும் சொல்வோன் கருத்தும் கேட்போன் நம்பிக்கையுமே தீர்க்கின்றன.

தமிழ் விவிலிய வரலாறும் இதனையே காட்டுகிறது. சீர்திருத்தச் சபையினர் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பில் இக்கூற்று 'ஆயிருக்கிறது' என்னும் முற்றோடு முடிகிறது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் வினையின்றிப் பெயரோடு முடிக்கிறது. இணைப்புவினை வாதம் மெய்யாயின், முன்னதை ஓதுவோர் மெய்ப்பிரசன்னத்தை வலியுறுத்துவோராகவும் பின்னதை ஓதுவோர் அடையாளக் கொள்கையினராகவும் இருத்தல் வேண்டும். உண்மை நிலை ஏறத்தாழ இதற்கு நேர்மாறானது. வினையுள்ள தொடரை ஓதுவோருள் ஸ்விங்லியின் வழிநின்று நினைவுகூரலாகக் கொள்வோர் பலர்; வினையற்ற தொடரைத் திருப்பலியில் கேட்கும் கத்தோலிக்கரின் கோட்பாடோ, 1551இல் திரெந்து சங்கம் உறுதிசெய்த பொருண்மை மாற்றம். தரங்கம்பாடி மரபில் வந்த லூத்தரன் சபையினரும் பிற சீர்திருத்தச் சபையினரும் ஒரே மொழிபெயர்ப்பைக் கையிலேந்தி வெவ்வேறு பொருள் கொள்கின்றனர்.

இணைப்புவினை வாதத்தினர் கணக்கில் கொள்ளாத சான்று ஒன்று இந்தியாவிலேயே உண்டு. அசீரியக் கிழக்குத் திருச்சபையின் இந்தியக் கிளை திருச்சூரைத் தலைமையிடமாகக் கொண்டது. அச்சபை வழங்கும் அத்தாய் - மாரி நற்கருணை மன்றாட்டின் மிகப் பழைய சுவடிகளில் இக்கூற்றே இல்லை. அவ்வாறிருந்தும் அம்மன்றாட்டு செல்லுமென 2001இல் உரோமை அறிவித்தது. அங்கே இணைப்புவினை மட்டுமன்று, அது இணைக்கவேண்டிய சுட்டும் பெயரும்கூட இல்லை.