குற்றவாளி கணக்கர் அல்லர்

இணைய மோசடியில் பணத்தை இழந்த நிறுவனம் முதலில் தேடுவது ஓர் ஊழியரை. அவர் ஏன் அந்த இணைப்பைத் திறந்தார், ஏன் விசாரிக்காமல் பணம் அனுப்பினார் என்று கேட்கப்படுகிறது. விசாரித்திருக்க அவருக்கு உரிமை இருந்ததா என்பதை எவரும் கேட்பதில்லை.

பெங்களூரு மல்லேஸ்வரத்தின் குறுக்குத் தெருக்களில் அறக்கட்டளைகளும் சிறு பள்ளிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் நிறைய உண்டு. நடந்து செல்லும் தொலைவில் இந்திய அறிவியல் கழகம். ஆயினும் இத்தகைய சிறிய அலுவலகத்தின் நிலை எங்கும் ஒன்றே: கணக்கர் ஒருவர், கணினி ஒன்று, கடவுச்சொல்லும் ஓடிபி வரும் கைபேசியும் அவரிடமே. தலைவரின் புகைப்படத்துடன் வாட்ஸ்அப்பில் ஓர் ஆணை வருகிறது: கூட்டத்தில் இருக்கிறேன், அழைக்க வேண்டாம், உடனே பணம் அனுப்புக. தலைவரை அழைத்து உறுதி செய்வது ஒழுங்கீனமாகக் கருதப்படும் இடத்தில் கணக்கர் வேறென்ன செய்வார்? கேள்வி கேட்காத பணிவையே நிறுவனம் அவருக்குக் கற்பித்தது. மோசடிக்காரன் அதன் பலனை அறுவடை செய்கிறான்.

பெரிய நிறுவனங்களைக் காத்ததும் தனிமனித விழிப்பு மட்டுமன்று. 2018 பிப்ரவரியில், 1904 முதல் கும்பகோணத்தில் இயங்கும் சிட்டி யூனியன் வங்கியின் சுவிஃப்ட் அமைப்புக்குள் ஊடுருவியவர்கள் ஏறத்தாழ 20 லட்சம் டாலரை மூன்று ஆணைகளில் வெளிநாடுகளுக்கு அனுப்பினர். ஒப்புகைகளை அச்சிடும் அச்சுப்பொறியையும் முடக்கினர். 2016இல் வங்கதேச மத்திய வங்கியில் கையாளப்பட்ட அதே உத்தி. கும்பகோணத்தில் மோசடியை வெளிக்கொணர்ந்தது மறுநாள் கணக்குகளை ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வழக்கமான நடைமுறை. துபாய்க்குச் சென்ற 5 லட்சம் டாலர் அதனால் தடுக்கப்பட்டது.

நடைமுறையை வகுக்கும் பொறுப்பு யாருடையது? வணிக வங்கிகளுக்கான இணையப் பாதுகாப்பு நெறிமுறையை ரிசர்வ் வங்கி 2016 ஜூனில் வெளியிட்டது. நகர்ப்புறக் கூட்டுறவு வங்கிகளுக்கான அடிப்படை நெறிமுறை 2018 அக்டோபரில்தான் வந்தது. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே, ஆகஸ்டில், புணேயின் காஸ்மாஸ் கூட்டுறவு வங்கி ஏறத்தாழ 94 கோடி ரூபாயைப் பறிகொடுத்திருந்தது. சிறு சேமிப்பாளரின் வாசலுக்குக் காவல் எப்போதும் கடைசியாகவே வந்து சேர்கிறது.

வங்கிகளுக்காவது ஓர் ஒழுங்காணையம் உண்டு. அறக்கட்டளைக்கும் பள்ளிக்கும் அதுவும் இல்லை. அவற்றின் நிர்வாகக் குழுக்கள் கட்டடத் திறப்பு விழாவுக்குச் செலவிடுகின்றன. பாதுகாப்புக்கு நிதி கேட்டால் அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்கின்றன. இருவர் ஒப்புதலின்றிப் பணம் வெளியேறக் கூடாது. புதிய வங்கிக் கணக்கு எனில், முன்பே அறிந்த எண்ணில் அழைத்துப் பேசிய பின்னரே அனுப்ப வேண்டும். அவ்வாறு தாமதித்தவரைத் தண்டிக்கக் கூடாது. இவற்றுக்குக் கோடிகள் தேவையில்லை. தலைவர் தம் அதிகாரத்தில் சிறிது விட்டுக்கொடுக்க வேண்டும். நிர்வாகங்களுக்குக் கசப்பது இந்தச் செலவுதான்.

1898இல் பெங்களூருவைப் பிளேக் தாக்கிய பின் வளர்ந்த பேட்டை மல்லேஸ்வரம். அன்று நகரம் குடிமக்களுக்குத் தூய்மை குறித்து உபதேசித்ததோடு நிற்கவில்லை. அகன்ற வீதிகளையும் வடிகால்களையும் அமைத்தது. இன்றைய நிறுவனங்களோ வடிகால் அமைக்க மறுத்துவிட்டு, நோயுற்றவரைப் பணிநீக்கம் செய்கின்றன.