கருத்த பல்லில் சிமென்ட் நிற்குமா?



குழந்தைகளின் சொத்தைப் பல் பற்றி எழுதினால் போதும், அம்மாக்களின் கடிதங்கள் வந்து குவிந்துவிடும். இம்முறை பலரும் கேட்டது: "டாக்டர் ஏதோ மருந்து தடவினார், பல் கருத்துவிட்டது. இனி அதில் ஃபில்லிங் பிடிக்குமா, பெயர்ந்து வந்துவிடுமா?"

அந்த மருந்து சில்வர் டயமின் ஃபுளோரைடு. ஜப்பானில் 1970 முதல் புழக்கத்தில் இருக்கிறது. 2021-ல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலும் ஏறிவிட்டது. ஊசி கிடையாது, டிரில் கிடையாது. சின்னப் பிரஷ்ஷில் ஒரு சொட்டு, அவ்வளவுதான். வெள்ளி கிருமிகளைக் கொல்கிறது, ஃபுளோரைடு பொதபொதவென்று இருந்த இடத்தை இறுக்குகிறது. கருப்பு நிறம் வெள்ளியின் வேலை. டிரில்லைக் கண்டாலே வீறிடும் மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்தக் கருப்பு பெரிய விலை இல்லை என்பது என் கட்சி.

ஆனால் சொத்தை நின்றாலும் குழி அப்படியேதான் இருக்கும். சோறு போய் அடையும். அடைப்பதற்கு எதை வைக்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கிளாஸ் அயனோமர் சிமென்ட் பல்லிலுள்ள கால்சியத்தோடு வேதியியல் முறையில் ஒட்டுவது. மருந்து தடவிய பல்லிலும் அது நன்றாகவே பிடிக்கிறது என்பதுதான் பெரும்பாலான சோதனைகளின் முடிவு. காம்போசிட் என்னும் ரெசின் ஃபில்லிங்கின் கதை வேறு. பல்லின் மேற்பரப்பை அமிலத்தால் அரித்து, அங்குள்ள நுண்குழாய்களுக்குள் ரெசின் இறங்கி இறுகினால்தான் அது நிற்கும். வெள்ளித் துகள்கள் அந்தக் குழாய்களின் வாய்களை அடைத்துக்கொண்டால் பிடிமானம் தளர வாய்ப்புண்டு. சில ஆய்வுகள் தளர்கிறது என்கின்றன. சில, வித்தியாசமே இல்லை என்கின்றன. மருந்து தடவியபின் தண்ணீரால் நன்றாகக் கழுவிவிட்டு ஒட்டினால் இழந்த பிடிமானம் பெருமளவு திரும்புவதாகவும் கண்டிருக்கிறார்கள்.

இந்தச் சோதனைகளில் பல, பிடுங்கிய பற்களில், ஆய்வுக்கூட மேசையில் நடந்தவை. எச்சில் ஊறும் வாயும் துள்ளும் பிள்ளையும் அங்கே இல்லை. அதோடு, சொத்தை அரித்த பால் பல்லில் எந்தப் பசைக்கும் பிடிப்பு குறைவுதான். ஃபில்லிங் விழுந்தால் பழியை மருந்தின் தலையில் மட்டும் போடாதீர்கள். பல்லின் நிறத்திலேயே வேண்டும் என்று காம்போசிட்டுக்கு அடம்பிடிக்கவும் வேண்டாம். உள்ளிருக்கும் கருப்பு அதன் வழியாகவும் நிழலாடும்.

"விழப்போகிற பல்தானே" என்று விட்டுவிடாதீர்கள். கடைவாய்ப் பால் பற்கள் பத்து, பதினொரு வயது வரை மென்று தந்தாக வேண்டும். ஃபில்லிங்குக்கு வேறு டாக்டரிடம் போனால், எந்தப் பல்லில் எப்போது மருந்து தடவினார்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஃபில்லிங் இப்போதைக்கு வேண்டாம் என்றால், பொதுவாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருந்தைத் திரும்பத் தடவுவார்கள். அந்தத் தேதியைத் தடுப்பூசி அட்டையின் ஓரத்திலேயே குறித்து வையுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்