மேட்டூர் மீனின் குடலையும் சோதியுங்கள்

பெறுநர்: தலைவர், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், கிண்டி, சென்னை.



கர்நாடகத்தில் காவிரியிலுள்ள கிருஷ்ணராஜசாகர் (கே.ஆர்.எஸ்.) அணைக்கரையில் பொரித்த மீன் சாப்பிடுவது பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர் உபேந்திர நோங்தொம்பாவுக்குப் பிடித்தமானது. அண்மை ஆண்டுகளில் அங்குள்ள மீன்களின் உடலமைப்பில் கோளாறுகள் அவர் கண்ணில் பட்டன. தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்ற ஐயம் ஆய்வாக மாறியது.

நீர் வேகமாக ஓடும் இடம், மெதுவாக ஓடும் இடம், தேங்கிய இடம் என மூன்றிலிருந்து அவரது குழு மாதிரி எடுத்தது. நுண்ணுயிர்களை வடிகட்டிய பிறகும், பின்னிரண்டு இடங்களின் நீரில் வைத்த வரிக்குதிரை மீன் கருக்களுக்கு எலும்புக் கோணலும் டி.என்.ஏ. சிதைவும் இதயப் பாதிப்பும் ஏற்பட்டன. அந்த நீரில் 5 மில்லிமீட்டருக்கும் சிறிய நுண்நெகிழித் துகள்களும் நச்சு வேதிப்பொருள் கூறுகளும் இருந்தன. 2022-இல் வெளியான இந்த ஆய்வு, மனிதருக்கு என்ன நேரும் என்று தீர்ப்பு எழுதவில்லை. மேலும் ஆராயக் கோரியது.

ஆராய வேண்டிய இடம் தமிழ்நாட்டிலும் இருக்கிறது. கே.ஆர்.எஸ்ஸில் திறக்கும் தண்ணீர் பிலிகுண்டுலு, ஒகேனக்கல் கடந்து மேட்டூரில் தேங்குகிறது.

காவிரி நீரில் கரைந்த ஆக்சிஜனையும் கோலிஃபார்ம் கிருமிகளையும் வாரியம் முறையாக அளந்து வருகிறது. அந்த வழக்கமான பட்டியலில் நுண்நெகிழிக்கு இடமில்லை. ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் மாநிலத்தில் தடை உண்டு. ஆனால் அதற்கு முன்பே ஆற்றில் சேர்ந்தவை வெயிலில் நொறுங்கித் துகளாகிக்கொண்டிருக்கின்றன.

கட்லா, ரோகு போன்ற பெரிய மீன்களை நறுக்கும்போது குடலை எடுத்து எறிந்துவிடுகிறோம். விழுங்கிய துகள்கள் அதிகம் தங்குவது அங்கேதான். அயிரையின் கதை வேறு. மண்சட்டியில் கல்லுப்புப் போட்டு உரசி, அலசி, முழுதாகவே குழம்பில் சேர்க்கிறார்கள். குழந்தையின் தட்டுக்கும் அது குடலோடுதான் வருகிறது.

எனவே மேட்டூர் முதல் கல்லணை வரை நீர், வண்டல், மீன் மூன்றையும் வாரியம் சோதிக்க வேண்டும். அயிரையை முழுதாகவே சோதிக்க வேண்டும். உணவிலுள்ள நுண்நெகிழியை அளக்கும் முறைகளை வகுக்க இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024-இல் தொடங்கிய திட்டத்தில் கொச்சியின் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனமும் பங்கேற்கிறது. அவர்களின் துணையைக் கேட்கலாம். முடிவுகள் தமிழில் வெளிவர வேண்டும். மெய்யான எண்கள் இல்லாவிட்டால் வதந்தி பரவும். முதலில் அடிபடுவது பரிசல் ஏறி வலை வீசுபவரின் பிழைப்பு.

மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அதற்கு முன், கோடையில் நீர் வற்றியிருக்கும்போதே முதல் மாதிரியை எடுக்கத் தாங்கள் உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
காவிரி மீன் உண்ணும் வாசகர் ஒருவர்