ஐம்பது டூல் இருக்கட்டும், கஸ்டமர் லிஸ்ட் எங்க?

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் கொஞ்ச நாளா இந்தப் பக்கம் வரலை. போன வாரம் நடந்த ஒரு விஷயத்தை எழுதலைன்னா தூக்கம் வராது போலிருக்கு. கொஞ்சம் காரமாத்தான் இருக்கும், பொறுத்துக்குங்க.

"மார்க்கெட்டிங் பண்றவங்க கட்டாயம் வச்சிருக்க வேண்டிய 50 டிஜிட்டல் டூல்ஸ்" அப்படின்னு தெனம் ஒரு லிஸ்ட் கண்ணுல படுதில்லையா? இதெல்லாம் இல்லாம வியாபாரம் பண்றவன் கற்காலத்துல இருக்கான்ங்கிற ரேஞ்சுக்கு ஒரு பில்டப் வேற. அந்த லிஸ்ட் போடுறவங்க மேல இருக்கிற கடுப்பைக் கொட்டத்தான் இந்தப் பதிவு. ஆனா முதல் குற்றவாளி நான்தான். இருங்க, சொல்றேன்.

என்கூட இன்ஜினியரிங் படிச்ச நண்பன் ஒருத்தன். நான் கோடு தட்டப் போனேன், அவன் மார்க்கெட்டிங் பக்கம் போயிட்டான். அம்பத்தூர் எஸ்டேட்ல ஆயில் சீல், ஓ-ரிங் செய்யுற ஒரு சின்ன கம்பெனி. மார்க்கெட்டிங் டிபார்ட்மெண்ட்னா அவனும், பைக்ல ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம்னு சுத்துற ஒரு சீனியர் அண்ணனும்தான். மூணு வருஷம் முன்னாடி பூந்தமல்லியில ஒரு டீக்கடையில வச்சுக் கேட்டான். "மச்சான், கஸ்டமரை எல்லாம் ஒழுங்கா ஃபாலோ பண்ண ஏதாவது சாஃப்ட்வேர் சொல்லேன்."

என்கிட்ட போய்க் கேட்டானே! ரெண்டு நாள் உக்காந்து ஏழெட்டு சிஆர்எம்மை அலசி, ஃபீச்சர் ஃபீச்சரா டேபிள் போட்டு, கலர் கலரா கிராஃப் காட்டுற ஒரு வெளிநாட்டு சமாச்சாரத்தை சிபாரிசு பண்ணேன். அவன் கஸ்டமர் யாரு, அந்த அண்ணன் எப்படி வேலை பார்க்கிறார்னு ஒரு வார்த்தை கேட்கலை. கேட்கணும்னு தோணவே இல்லை. நம்ம புத்தி அப்படி.

ஒரு ஆளுக்கு மாசம் 1,500 ரூபாய் சொச்சம். கேட்க சல்லிசா இருக்கும். ஓனர், அக்கவுண்ட்ஸ் அக்கா எல்லாம் சேர்த்து நாலு லாகின். நாலு பேருக்கு 12 மாசம் 72,000. அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி 12,960. மொத்தம் 84,960. விலைப்பட்டியல்ல இந்தக் கடைசி நம்பரை எவனாவது பெருசாப் போட்டுப் பார்த்திருக்கீங்களா?

முதல் ரெண்டு மாசம் ஜோரா ஓடுச்சு. அப்புறம் என்ன? நாள் முழுக்க வெயில்ல சுத்திட்டு சாயங்காலம் வர்ற அண்ணன் கிட்ட, ஒவ்வொரு விசிட்டுக்கும் 14 கட்டம் ரொப்பச் சொன்னா ரொப்புவாரா? எல்லாத்துலயும் "பேசியாச்சு"ன்னு போட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டார். நண்பன் மட்டும் விடாம எழுதிட்டு வந்தான். எந்த கம்பெனி எந்த சைஸ் கேட்டான், என்ன ரேட் கொடுத்தோம், ஏன் வேற இடத்துக்குப் போனான்னு எல்லாம் அதுலதான்.

இந்த வருஷம் ஆர்டர் கொஞ்சம் டல். ஓனர் ரினீவ் பண்ணலை. பசங்க கான்டாக்ட் லிஸ்ட்டை மட்டும் டவுன்லோடு பண்ணிட்டு நிம்மதியா இருந்துட்டாங்க. கெடு முடிஞ்சு அக்கவுண்ட் அழிஞ்சதுக்கு அப்புறம்தான் அந்த ஃபைலைத் திறந்து பார்த்தா, பேரும் நம்பரும்தான் இருக்கு. குறிப்பு ஒண்ணுகூட இல்லை! அதை தனியா இறக்கியிருக்கணுமாம். சிபாரிசு பண்ண புத்திசாலியும் (அடியேன்தான்) அதைச் சொல்லலை.

ஓனர் கூப்பிட்டுக் கேட்டிருக்கார். "மூணு வருஷமா மார்க்கெட்டிங் பார்க்கிறியேப்பா, எந்த பார்ட்டி கிட்ட என்ன பேசினேன்னு கேட்டா தெரியலைங்கிற?" மாசக் கடைசி வரைக்கும் டைம் கொடுத்திருக்காராம், அதுக்குள்ள ஏதாவது காட்டணும். அவன் என்னைத் திட்டவே இல்லை. அதுதான் ரொம்ப உறுத்துது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

மார்க்கெட்டிங் டெக்னாலஜி டூல்களை எல்லாம் ஒரே படத்துல அடுக்கிக் காட்டுறவர் ஸ்காட் பிரிங்கர். 2011ல அவர் போட்ட முதல் படத்துல சுமார் 150 டூல்கள். 2025 கணக்குல 15,384. நூறு மடங்கு! இதுல எது நல்லதுன்னு தேட ஆரம்பிச்சா ஆயுசு பத்தாது. அதனால ஃபீச்சரைப் பார்த்து டூல் தேடுறதே தப்பான ரூட்டு. நாளைக்குக் காலையில நான் யாருக்கு ஃபோன் பண்ணணும்? இந்த ஒரு கேள்விக்கு பதில் சொன்னா அது டூல். சொல்லலைன்னா அது எவ்வளவு பளபளப்பா இருந்தாலும் ஸ்க்ரீன்சேவர்.

ரெண்டாவது, அடுத்தவன் இடத்துல வீடு கட்டுறது. "ஃப்ரீயாத்தானே கிடைக்குது, இருக்கட்டுமே"ன்னு சொல்றவங்களுக்காக கொஞ்சம் சரித்திரம். ஆர்குட்டை 2014 செப்டம்பர் 30ல மூடினாங்க. டிக்டாக்ல கடை விரிச்சிருந்தவங்களுக்கு 2020 ஜூன் 29ல மொத்தம் 59 ஆப்கள்ல ஒண்ணா ராத்திரியோட ராத்திரியா தடை வந்துச்சு. கூகுள் அனலிடிக்ஸோட பழைய பதிப்பு 2023 ஜூலை 1ல கணக்கெடுக்கிறதை நிறுத்துச்சு. அடுத்த வருஷம் பழைய ரிப்போர்ட்டும் காலி, எடுத்து வச்சுக்காதவங்க கதை கோவிந்தா.

எல்லாத்தையும் விட நம்ம ஏரியா ஆளுங்களை அடிச்சது, கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல்ல இலவசமா ஒரு வெப்சைட் கொடுத்தாங்களே, அது. மேப்ல கடையைப் பதிஞ்சா அப்படியே ஒரு பக்கமும் ரெடி ஆயிடும். டொமைன் வாங்க வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எத்தனை லேத் பட்டறை, எத்தனை பவுடர் கோட்டிங் யூனிட் அந்த முகவரியை விசிட்டிங் கார்டுல, பில் புக்குல அடிச்சு வச்சிருந்தாங்க தெரியுமா? 2024 மார்ச்ல அந்த சைட்டுகளை எல்லாம் நிறுத்திட்டாங்க. கார்டு இன்னும் பாக்கெட்ல இருக்கு, பக்கம்தான் இல்லை. கூகுளைக் குத்தம் சொல்லிப் பிரயோஜனமில்லை, அவங்க இடம், அவங்க இஷ்டம். நம்ம பேர்ல ஒரு டொமைன் வாங்க வருஷத்துக்கு ஆகுற செலவு ரெண்டு பேர் ஹோட்டல்ல சாப்பிடுற காசு. 50 டூல் லிஸ்ட் போடுறவர் இதைச் சொல்றாரா? மாட்டார். டொமைன் வாங்குங்கன்னு வீடியோ போட்டா யாரு பார்ப்பா?

மூணாவது, லைக்கு. எஸ்டேட்ல இருக்கிற ஆயில் சீல் கம்பெனிக்கு இன்ஸ்டாகிராம்ல ரீல்ஸ் எதுக்குங்க? சேலை, கேக்கு, மேக்கப் எல்லாம் விக்கிறவங்களுக்கு அது கடைத்தெரு, வேண்டாம்னு சொல்லலை. ஆனா ஆயில் சீல் வாங்கப் போறது ஒரு பம்பு கம்பெனியோட பர்ச்சேஸ் மேனேஜர். அவர் டிராயிங்கை அனுப்பி, சாம்பிள் கேட்டு, டெஸ்ட் பண்ணி, ரேட்டுல நாலு தடவை கழுத்தறுத்து, அப்புறமா பிஓ போடுவார். அவர் ரீல்ஸ் பார்த்து ஆர்டர் போட்டதா எனக்குத் தெரிஞ்சு இல்லை. அவரைப் பிடிக்கிற இடம் வேற. நம்ம அம்பத்தூர் தொழிற்பேட்டை உற்பத்தியாளர் சங்கம், அதான் அய்மா, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நந்தம்பாக்கத்துல அக்மீ கண்காட்சி நடத்துறாங்க. அங்க வாங்கின கார்டுகளை அடுத்த பத்து நாளுக்குள்ள கூப்பிட்டுப் பேசினா, ஒரு வருஷ போஸ்ட்டுல வராதது வரும். ஆனா கார்டு எல்லாம் ஸ்வீட் பாக்ஸ்ல தூங்குது, நாம ஹேஷ்டேக் தேடிட்டு இருக்கோம்.

நாலாவது, "பல்க்கா அனுப்பலாம்" கோஷ்டி. ஒரு லட்சம் நம்பர் தர்றோம், ஒரே கிளிக், அப்படின்னு வருவாங்க. டிராய் 2018ல கொண்டு வந்த விதிப்படி, வியாபார எஸ்எம்எஸ் அனுப்ப கம்பெனி பேரு, அனுப்புற பேரு, மெசேஜ் வாசகம் எல்லாத்தையும் டிஎல்டியில பதிஞ்சிருக்கணும். 2023ல தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு, 2025 நவம்பர்ல அதுக்கு விதிகளும் அறிவிச்சாச்சு, படிப்படியா அமலுக்கு வருது. இந்த நிலைமையில எவனோ வித்த நம்பரை வாங்கி மெசேஜ் தட்டுறது காசு கொடுத்து வம்பை வாங்குறது. சட்டத்தை விடுங்க. தெரியாத கம்பெனி மெசேஜை நீங்க என்ன பண்ணுவீங்க? பிளாக்தானே?

"அப்போ டூலே வேண்டாம்ங்கிறியா? சாஃப்ட்வேர்ல சோறு திங்கிறவன் பேசுற பேச்சா இது?" கேப்பீங்க. இல்லை சாமி. சிஆர்எம் செஞ்சு உலகத்துக்கே விக்கிற ஊர் நம்ம ஊர். சோகோ 2005லயே சிஆர்எம் கொண்டு வந்தாங்க. 2010ல சென்னையில ஆரம்பிச்ச ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021ல நாஸ்டாக் வரைக்கும் போச்சு. இருபது பேர் விக்கிற இடத்துல, ஒருத்தர் பேசினது இன்னொருத்தருக்குத் தெரியணும்ங்கிற இடத்துல, சிஆர்எம் இல்லாம முடியாது. ஆனா ரெண்டு பேர், முந்நூறு கஸ்டமர் இருக்கிற இடத்துக்கு அதே அளவு சட்டை தைக்காதீங்க. முதல்ல உங்க வேலை என்னன்னு ஒரு பேப்பர்ல எழுத முடியணும். பேப்பர்ல குழப்பமா இருக்கிற வேலை சாஃப்ட்வேர்ல போனா, மாசா மாசம் காசு கட்டுற குழப்பம் ஆகும். அவ்ளோதான்.

சரி, நான் பாவத்தைக் கழுவினது எப்படி?

போன ஞாயித்துக்கிழமை ஆவடியில இருந்து வண்டியை எடுத்துட்டு அவன் கம்பெனிக்குப் போனேன். கம்பெனியோட உண்மையான கஸ்டமர் லிஸ்ட் எங்க இருந்துச்சு தெரியுமா? டாலியில! மூணு வருஷமா பில் போட்டு ஜிஎஸ்டி கட்டியிருக்காங்களே, அதைவிட சுத்தமான டேட்டா எது? அக்கவுண்ட்ஸ் அக்கா சேல்ஸ் ரெஜிஸ்டரை எக்ஸெல்லுக்கு எடுத்துக் கொடுத்தாங்க. ஒரு பிவட் டேபிள். எந்த பார்ட்டி, கடைசி பில் எப்போ, சராசரியா எத்தனை நாளைக்கு ஒரு தடவை வாங்குறாங்க. அரை மணி நேர வேலை. செலவு ரெண்டு டீ, நாலு பஜ்ஜி.

ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை தவறாம வாங்கிட்டு இருந்து, ஆறு மாசத்துக்கு மேல சத்தமே இல்லாம நின்னு போனவங்க 31 பேர். மூணு வருஷமா அந்த கலர் டாஷ்போர்டு இதைக் காட்டலை. ஏன்னா அதுல புது என்கொயரி மட்டும்தான் ஏத்தினோம். பழைய கஸ்டமரை யாருமே தேடலை.

திங்கட்கிழமை காலையில இருந்து நண்பன் ஒவ்வொருத்தரா கூப்பிட ஆரம்பிச்சான். ஒரு பெரியவர் சொன்னாராம்: "நீங்க கூப்பிடுறதே இல்லையேப்பா, கம்பெனியை மூடிட்டீங்கன்னு நினைச்சேன்." சிரிக்கிறதா அழறதான்னு தெரியலை மச்சான்னான். வெள்ளிக்கிழமை வரைக்கும் நிலவரம்: நாலு பேர் ரேட் கேட்டிருக்காங்க, ஒருத்தர் பிஓ அனுப்பிட்டார்.

இப்ப அவன்கிட்ட இருக்கிற டூல்கள்: ஒரு எக்ஸெல் ஷீட், எட்டே எட்டு காலம். எட்டாவது காலம் "அடுத்து எப்போ கூப்பிடணும்". கம்பெனி பேர்ல எடுத்த சிம்ல வாட்ஸ்அப் பிசினஸ் (சொந்த நம்பர்ல வச்சா, ஆளு வேலையை விட்டா கஸ்டமரும் கூடவே போயிடுவார்). மேப்ல சரியான ஃபோன் நம்பரோட ஒரு பதிவு. சீனியர் அண்ணன் எதையும் டைப் பண்ண வேண்டாம். ஒவ்வொரு விசிட் முடிஞ்சதும் வாட்ஸ்அப்ல ஒரு நிமிஷ வாய்ஸ் நோட், நண்பன் கேட்டு ஷீட்ல ஏத்துவான். "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா நானும் ஒழுங்கா பண்ணியிருப்பேனே தம்பி"ன்னாராம் அவர். சுருக்குன்னு இருந்துச்சு.

இனிமே யாராவது என்கிட்ட டூல் கேட்டா நான் நாலே கேள்விதான் திருப்பிக் கேட்கப் போறேன். உங்க கஸ்டமர் எங்க இருக்கார்? தெனமும் இதுல யார் எழுதுவாங்க, அவங்களுக்கு அதுக்கு நேரம் இருக்கா? வரி எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு எவ்வளவு? நாளைக்கே இதை விட்டுட்டு வரணும்னா எல்லாத்தையும், குறிப்பு உட்பட, வெளிய எடுக்க முடியுமா? கடைசிக் கேள்விக்கு விக்கிறவர் வாய்வார்த்தையை நம்பாதீங்க. ட்ரையல்ல இருக்கும்போதே பத்து கஸ்டமரைப் போட்டு, குறிப்பு எழுதி, வெளிய எடுத்து, எக்ஸெல்ல திறந்து பாருங்க. வரலைன்னா கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க.

1964ல இருந்து இந்த எஸ்டேட்ல மனுஷங்க ஜாமான் செஞ்சு வித்துட்டுத்தான் இருக்காங்க. டைரியில எழுதி வித்தாங்க, லேண்ட்லைன்ல பேசி வித்தாங்க. யார் எப்போ என்ன கேட்டாங்கன்னு ஞாபகம் வச்சிருந்தவங்க நின்னாங்க. அந்த ஞாபகத்தை வாடகை வீட்டுல குடி வச்சுட்டு சாவியையும் தொலைச்சது நாங்க, இன்ஜினியர் பசங்க.

மாசக் கடைசிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கு. 31ல இன்னும் ஒன்பது பேரைக் கூப்பிடணும். நல்லது நடந்தா சொல்றேன்.

டிஸ்கி: "50 டூல்ஸ்" லிஸ்ட் போட்ட அண்ணாச்சிகள் யாராவது இதைப் படிச்சா கோவிச்சுக்காதீங்க. அந்த 50ல நீங்க சொந்தக் காசு கட்டி ஒரு வருஷம் யூஸ் பண்ணது எத்தனைன்னு மட்டும் சொல்லுங்க. மத்ததை அப்புறம் பேசலாம் :-)