மார்க்கா, மொய்யா?

உங்க ஆபீஸுக்கும் வந்திருக்கும், '360 டிகிரி ஃபீட்பேக்'. மேலே, பக்கத்தில், கீழே இருப்பவர்கள் எல்லோரும் மேனேஜருக்கு மார்க் போடணும். பெயர் வெளியே தெரியாதாம்! டீமில் இருப்பதே மூணு பேர். 'மீட்டிங்கில் கத்துகிறார்' என்று எழுதினது யாருன்னு கண்டுபிடிக்க சி.பி.ஐ.யா வரணும்?

மேனேஜரைத் திருத்தத்தான் இந்த ஏற்பாடே. அதை இன்க்ரிமென்ட்டோடு முடிச்சுப் போட்டால் மொய்க் கணக்காகிவிடும். நீ எனக்கு அஞ்சு போடு, நான் உனக்கு அஞ்சு. பிடிக்காதவனுக்கு ஒண்ணு.

ஹெச்.சி.எல். டெக்னாலஜிஸில் 2005-ல் தலைமைக்கு வந்த வினீத் நாயர், தனக்குக் கிடைத்த மார்க்கை ஊழியர்கள் எல்லோரும் பார்க்கும்படி வைத்தார். உங்க எம்.டி. வைப்பாரா? கேட்டுப் பாருங்க. வைக்கிறவரை எல்லாக் கட்டத்திலும் நாலு போட்டுட்டு டீ குடிக்கப் போங்க. நான் தப்பு சொல்ல மாட்டேன்.