காத்திருக்கும் மனைவியரும் திருச்சபையின் தூய்மையும்



தூய பவுல் எபேசியருக்கு எழுதிய திருமடலின் ஐந்தாம் அதிகாரத்தைத் திருமணத் திருப்பலிகளில் கேட்டிருப்பீர்கள். மனைவியரின் பணிவு பற்றிய பகுதியை நாம் மறப்பதில்லை. கிறிஸ்து தம்மையே கையளித்துத் திருச்சபையை மாசற்றதாக்கினார் என்னும் பகுதியையோ எளிதில் கடந்துவிடுகின்றோம். அன்பு செய்பவர் விலை கொடுக்க, அன்பு செய்யப்படுபவர் தூய்மையடைகின்றார் என்பதே அங்கு பவுலடியாரின் போதனை.

மன்னார்த் தீவிலும் அதன் எதிர்க்கரையிலும் இவ்வதிகாரத்தை வேறு விதமாகக் கேட்கும் பெண்கள் இருக்கின்றனர். போர்க்காலத்தில் வெள்ளை வானில் கொண்டு செல்லப்பட்டவர்களின் மனைவியர் அவர்கள். 2009 மே மாதத்தில் படையினரிடம் கையளிக்கப்பட்டவர்களின் மனைவியர் அவர்கள். இவர்களைச் சுமங்கலி என்பதா, கைம்பெண் என்பதா என்று ஊருக்குத் தெரியவில்லை. பொட்டு வைத்தாலும் பேச்சு, வைக்காவிட்டாலும் பேச்சு. வாடியில் கருவாடு காயவைக்கப் போனவர் இருட்டிய பின் திரும்பினால் அதற்கும் ஒரு கதை. கணவனின் பெயரைச் சொல்லி விசாரிக்க வரும் புலனாய்வாளரிடம் அவர் வாசலில் நின்று பதில் சொன்னால், அயலவர் அதையும் எண்ணி வைத்துக்கொள்கின்றனர்.

மத்தேயு நற்செய்தி யோசேப்பை நேர்மையாளர் என்று அழைக்குமிடத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். மரியாவைப் பற்றிப் புரியாத நிலையிலும், ஊரார் முன் அவரை இகழ்ச்சிக்கு உள்ளாக்க அவர் விரும்பவில்லை. நாமோ யோசேப்பிடம் வேண்டுதல் செய்துவிட்டு, வரும் வழியிலேயே அயல்வீட்டுப் பெண்ணின் பெயரைக் கெடுக்கின்றோம்!

“மறுமணம் செய்துகொள்ளட்டுமே” என்று இரக்கத்தோடு சொல்வோரும் உண்டு. ஆனால் சாவு மட்டுமே பிரிக்கக்கூடிய பந்தம் இது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1707ஆம் சட்டம், கணவரின் இறப்பைச் சான்றிதழால் நிறுவ முடியாதபோது, அவர் இறந்திருக்க வேண்டும் என்று மறைமாவட்ட ஆயர் அறிவிக்கலாம் என்கிறது. அதற்குச் சாட்சியங்களாலும் சூழ்நிலைகளாலும் ஆயருக்கு உறுதி ஏற்படவேண்டும். ஆள் நெடுங்காலமாக இல்லை என்பது மட்டும் போதாது. நாட்டின் சட்டமும் தன் வழியில் இச்சிக்கலைத் தொட்டது. 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மரணச் சான்றிதழ் வழங்கப்பட்டது. பலர் அதைப் பெற மறுத்தனர். உயிரோடு கையளித்தவருக்கு மரணப் பத்திரம் வாங்குவதைத் துரோகமாகவே அவர்கள் உணர்ந்தனர். 2016இல் வந்த திருத்தம் ‘காணாமற்போனமைக்கான சான்றிதழ்’ என்ற ஒன்றை ஏற்படுத்தியது. சொத்து, உதவித்தொகை போன்ற காரியங்களுக்கு அது பயன்படும்; கணவர் எங்கே என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

ஆகவே, காணாமல் ஆக்கப்பட்டோர் விவகாரத்தை அரசியல் என்றும், திருமண அன்பை ஆன்மீகம் என்றும் பிரித்துப் பேசுவது நமக்குப் பொருந்தாது. உண்மை மறைக்கப்படும்வரை ஒரு திருவருட்சாதனத்தின் நிலையே தெரியாமல் நிற்கிறது. மன்னார் ஆயராயிருந்த மறைந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழு முன் வைத்த கணக்கை இவ்வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். வன்னியில் இருந்ததாகக் கச்சேரிப் பதிவுகள் காட்டிய 4,29,059 பேரில், அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 2,82,380 பேர். எஞ்சிய 1,46,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்று அவர் கேட்டார். அவர்களுள் எத்தனையோ பேர் ஏதோவொரு பங்கின் திருமணப் பதிவேட்டில் கையொப்பமிட்டவர்கள்.

2018இல் மன்னார் சதொச வளாகத்தில் 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டபோது இப்பெண்கள் வேலியோரம் நின்றனர். அவை பல நூற்றாண்டுகள் பழைமையானவை என 2019இல் கார்பன் பரிசோதனை கூறியது. குடும்பங்கள் தரப்பில் அம்முடிவு கேள்விக்குள்ளாக்கப்பட்டது. அவர்களோ மறுபடியும் வீதியோரக் கொட்டகைக்கே திரும்பினர்.

காத்திருப்பவரை மறுமணத்திற்கு அவசரப்படுத்தவும் வேண்டாம். விடுதலை கேட்டு ஆயரில்லம் செல்பவரை ஒழுக்கங்கெட்டவர் எனத் தூற்றவும் வேண்டாம். இருவரும் திருச்சபையின் சட்டத்திற்கு உட்பட்டே நடக்கின்றனர். 1707ஆம் சட்டம் கேட்கும் சாட்சியங்கள் பெரும்பாலும் ஊராரிடமே உண்டு. கடைசியாக அவரை எங்கே கண்டோம், யார் கொண்டு போனார்கள் என்று அறிந்தவர்கள் பலர் இன்னும் வாய் திறக்கவில்லை. அவர்களும் முதுமையடைந்து வருகின்றனர். அச்சம் நியாயமானதே. ஆயினும் பங்குத்தந்தையின் முன் எழுத்தில் கொடுக்கும் ஒரு வாக்குமூலம், அப்பெண் இனி மனைவியா கைம்பெண்ணா என்பதைத் தீர்க்கக்கூடும்.